எங்கே போனாலும் இருபது நிமிஷம்

லாட்ஜ் ரிசப்ஷனில் உட்காருகிறவனுக்குச் சாவி கொடுப்பதும் சாவி வாங்குவதும்தான் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்; உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், அது முழுக்க முழுக்க வழி சொல்கிற வேலை. "இங்கிருந்து லால்பாக் எப்படிப் போறது? பஸ் நல்லதா, ஆட்டோ நல்லதா, நடந்தே போயிடலாமா?" ராத்திரி பஸ்ஸில் வந்து விடிகாலையில் இறங்கி, பல்கூட விளக்காத வாயோடு கேட்பார்கள். நமக்கும் அப்போதுதான் கண் சொக்கும். ஊர் தூங்கும்போது விழித்திருந்து வயிறு வளர்க்கிற வாட்ச்மேன்கள், நர்ஸம்மாக்கள், பால் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் புரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தவன் நான். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ். ராத்திரி ஒன்பதுக்கு உட்கார்ந்தால் காலை ஆறுக்கு எழுந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான், ஆனால் சும்மா இருக்கத் தெரியாத புத்தி. பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கன்னடம் படிக்கக் கற்றுக்கொண்டேன். ரூமில் விட்டுப்போன பேப்பர்களில் இங்கிலீஷ் கொஞ்சம் பழகியது. கூட்டம் அடங்கியதும், சுவரில் மாட்டியிருக்கும் பெங்களூர் மேப்புக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பேன். யுத்தத்துக்குத் திட்டம் போடுகிறேன் என்று ரூம் பாய்கள் கேலி செய்வார்கள். இந்த ஊர் பகலில் எப்படி இருக்கும் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

வீடு ஆஸ்டின் டவுனில், ஒற்றை அறை. பகலில் நான் தூங்கவேண்டுமே என்று என் மனைவி பிலோமினாவும் மகள் ஸ்டெல்லாவும் கிசுகிசுவென்றுதான் பேசிக்கொள்வார்கள். ஸ்டெல்லா பாடத்தைக்கூட உதட்டை மட்டும் அசைத்துத்தான் படிப்பாள். "வாயைத் திறந்து பேசுடி" என்று ஸ்கூலில் மிஸ் திட்டினார்களாம். அதைக் கேட்ட அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். இந்தப் பெண்ணாவது எல்லாரையும்போலப் பகலில் விழித்து ராத்திரியில் தூங்குகிற வேலைக்குப் போகவேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

பஸ்ஸில் புருஷன், ஆட்டோவில் பெண்டாட்டி

மதுரையிலிருந்து வந்த புதுசாகக் கல்யாணமான ஜோடி. பெண்ணின் தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. நான் வேலை முடிந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது கவுண்டரில் வந்து சண்டை போட்டார்கள். விதான சௌதாவுக்கு பஸ்ஸில் போகலாம் என்பது மாப்பிள்ளை கட்சி. ஆட்டோ என்பது பெண் கட்சி. "நீங்களே சொல்லுங்க" என்றார்கள். "ரெண்டும் ஒண்ணுதாங்க, இருபது நிமிஷம்" என்று சமாதானம் செய்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சமாதானம் ஆகவில்லை. பந்தயம் ஆகிவிட்டது. அவர் பஸ், இவள் ஆட்டோ, யார் முதலில் போகிறார்கள் பார்ப்போம் என்று ஆளுக்கொரு திசையில் கிளம்பியிருக்கிறார்கள். செல்போன் இல்லாத காலம்.

ராத்திரி நான் வரும்போது அந்தப் பெண் மட்டும் சோபாவில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வந்தார், முகம் வெயிலில் கருத்து. விஷயம் இதுதான். அவர் கட்டடத்துக்கு முன்பக்கம் நின்றிருக்கிறார், இவளை ஆட்டோக்காரர் பின்பக்கம் இறக்கிவிட்டிருக்கிறார். மற்றவர் இன்னும் வரவில்லை, அதனால் ஜெயித்தது நாமே என்று இரண்டு பேருக்கும் நிச்சயம். தோற்றவர் வருகிற முகத்தைப் பார்க்கவேண்டும் என்று சாயந்திரம்வரை இரண்டு பேரும் நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. பெண் இப்போது அழப்போகிறாள் என்று நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் தண்ணீரைத் தொடவில்லை. என்னைக் காட்டிப் புருஷனிடம் சொன்னாள்: "யாரு முதல்ல போனதுன்னு இந்த அண்ணனே சொல்லட்டும்!"

எந்த ஜில்லா?

திருச்சிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு லால்பாக் மலர்க் கண்காட்சி பார்க்க வந்தார். எவ்வளவு நேரமாகும் என்றார். இருபது நிமிஷம் என்றேன். சிவாஜி நகர் என்று கேட்டால் இருபது நிமிஷம். பசவனகுடி என்று கேட்டாலும் இருபது நிமிஷம்தான். பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நான் பார்த்த பெங்களூரில் ரோட்டில் நாய்கள்தான் உண்டு. காலை முதல் பஸ்ஸில் ஏறினால் டிரைவர் சிக்னலைக்கூட மதிக்காமல் பறப்பார். எங்கள் லாட்ஜ் வாசலில் ஆட்டோ போடும் சலீம் பாயோடு எந்தப் பக்கம் போனாலும் ஒரு பீடி அணைவதற்குள் போய்விடலாம். ஆனால் என்னிடம் வழி கேட்டவர்கள் குளித்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குமேல்தான் கிளம்புவார்கள். நொந்துபோய்த் திரும்பி வரும்போது கவுண்டரில் பகல் ஆள் நாகராஜ் இருப்பான். வசவெல்லாம் அவனுக்குப் போய்விடும். வருஷக்கணக்கில் எனக்கு ஒன்றுமே தெரியாது.

திருச்சிக் குடும்பம் அன்று ட்ராஃபிக்கில் மாட்டிக் கண்காட்சி மூடுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தொட்டிச் செடியோடு வெளியே வருகிறவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. நாகராஜ் அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் நான் வரும்வரை உட்கார்ந்திருந்தான். சட்டையில் ஒரு பட்டனைக் காணோம். திருச்சிக்காரர் பிடித்து இழுத்ததில் போனது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் கத்துவான் என்று பார்த்தேன். கத்தவில்லை. எழுந்துபோய், சுவரிலுள்ள மேப்பை விரலால் தட்டி, நிதானமாகக் கேட்டான்: "ஏன் குரு, நீ சொல்ற இந்த பெங்களூரு எந்த ஜில்லாவுல இருக்கு?"

ஜன்னல் சீட்

அதற்கப்புறம் நாகராஜுக்கு வாக்குக் கொடுத்து, நேரம் சொல்வதையே விட்டுவிட்டேன். வழி மட்டும் சொல்வேன். ராஜபாளையத்திலிருந்து வந்த பஞ்சாலை மேஸ்திரி ஒருவருக்கு ஆட்டோக்காரர்கள் மீது நம்பிக்கை இல்லை. சுற்றுலா வேன்காரர்கள் மீது அதைவிட இல்லை. "ஊரை முழுசாப் பாக்கணும், யாருகிட்டயும் ஏமாறக் கூடாது. வழி சொல்லுங்க" என்றார். நாள் பூராவும் செல்லுகிற பஸ் பாஸ் ஒன்று உண்டு, அதை வாங்கிக்கொண்டால் எந்த பஸ்ஸிலும் ஏறலாம், இறங்கலாம், பார்க்கலாம் என்றேன். இவ்வளவு நல்ல யோசனையை நானே எனக்குச் சொல்லிக்கொண்டதில்லை.

ராத்திரி வந்தபோது என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். பிரமாதம் என்றார். என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். மெஜஸ்டிக்கில் கெங்கேரி போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறார். அது கெங்கேரி போய் மெஜஸ்டிக் வந்திருக்கிறது, மறுபடி கெங்கேரி. டிரைவர் மாறினார், கண்டக்டர் மாறினார், இவர் மாறவில்லை. வழியில் ஒரு கடையில் காலையில் போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்களாம், மத்தியானம் பூஜை போட்டார்களாம், சாயந்திரம் வியாபாரம் களைகட்டிவிட்டதாம். அதைச் சொந்தக் கடைபோல் பெருமையாகச் சொன்னார். லால்பாக்? பார்க்கவில்லை. கப்பன் பார்க்? இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு, ஐயா, ஓர் இடத்திலுமா இறங்கவில்லை என்றேன். என் அறியாமைக்கு இரங்குவதுபோலப் பார்த்தார். "இறங்குனா ஜன்னல் சீட்டு போயிரும்ல, தம்பி?"

ஒரே ஒரு தடவை

நாலரை, ஐந்து இருக்கும். விடிவதற்கு முன்னால் ஓர் ஆள் மூச்சிரைக்க உள்ளே வந்தார். ரூம் கேட்கவில்லை. தர்மபுரியிலிருந்து கிடைத்த லாரியில் ஏறி வந்திருக்கிறார். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஆபரேஷன் என்கிறார்கள். ஜெயநகர்ப் பக்கம் என்பது மட்டும்தான் தெரியும். "எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று கவுண்டரின் மேல் சாய்ந்து கேட்டார். நாகராஜுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது. "இருபது நிமிஷம். கவலைப்படாதீங்க" என்றேன். வாசலில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த சலீம் பாயை எழுப்பி அனுப்பினேன்.

அப்புறம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் சொன்ன இருபது நிமிஷத்தின் யோக்கியதை எனக்குத்தானே தெரியும். எட்டு மணியாகியும் வீட்டுக்குப் போகாமல் மேப்பின் முன்னால் நடந்துகொண்டிருந்தேன். நாகராஜ் கேட்டான், சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டான். அப்போது அந்த ஆளே சலீம் பாயின் ஆட்டோவில் திரும்பி வந்து இறங்கினார், கையில் இனிப்புப் பெட்டி. ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகுமுன் மனைவியின் கையைப் பிடித்துவிட்டாராம். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நாகராஜ் வாயில் ஒரு மைசூர்பாகைத் திணித்துக்கொண்டே அவனிடமே சொன்னார்: "இந்த ஊர்ல கரெக்டா நேரம் சொல்ற ஒரே ஆளு இவருதான் சார்!"

ஒத்திகை

ஸ்டெல்லா டிகிரி முடித்தாள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஓசூர் ரோடு நெடுக முளைத்திருந்த சமயம். எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். காலை ஒன்பதரைக்கு. தாமதமாக வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஏ.சி. ஆபீஸ், ஒன்பதரைக்குப் போய் ஆறரைக்கு வருகிற வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "நான் பஸ்லயே போய்க்கிறேன்பா" என்று வழக்கம்போல் கிசுகிசுத்தாள். ஊருக்கெல்லாம் வழி சொன்னவன் பெற்ற பெண்ணைத் தனியாக அனுப்புவேனா? முந்தின நாள் வேலை முடிந்த கையோடு ஒத்திகை பார்க்கக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து குளித்து, எட்டு மணிக்கு அந்தப் பக்கம் போகிற ஆனேக்கல் பஸ்ஸைப் பிடித்தேன்.

இத்தனை வருஷத்தில் பகல் பெங்களூரை நான் ஒழுங்காகப் பார்த்தது அன்றுதான். எங்கே இருந்தார்கள் இவ்வளவு பேரும்? நான் மேப்பில் விரலால் தடவிய ரோடெல்லாம் காணவில்லை. அதன்மேல் வண்டிகளை அடுக்கி மூடி வைத்திருந்தார்கள். மடிவாளாவில் நின்ற பஸ் நின்றதுதான். டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து ஏறினார். பொம்மனஹள்ளியில் பக்கத்து பஸ் ஜன்னலில் இருந்தவரும் நானும் குடும்பக் கதை முழுக்கப் பேசி முடித்துவிட்டோம். நான் நின்றபடியே தூங்கிவிழுந்து, கண்டக்டர் தட்டி எழுப்பியபோது உச்சி வெயில். அவரும் நம்ம ஊர்க்காரர், கிருஷ்ணகிரி. நாளைக்கு மகளுக்கு இன்டர்வியூ, அதற்காக வழி பார்க்க வந்தேன் என்று விவரம் சொன்னேன். அனுதாபமாகத் தலையாட்டினார். "அப்ப இறங்காதீங்க சார். பாப்பாவையும் வரச்சொல்லி இப்பவே ஏறி உக்காந்துக்குங்க. நாளைக்கு ஒன்பதரைக்குச் சரியா இருக்கும்!"

கேட்டுக்கு வெளியே

அன்று ராத்திரி லீவு போட்டேன். தூக்கம் வரவில்லை, எனக்கு ராத்திரி தூங்கத் தெரியாது. பஸ், ஆட்டோ, நடை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி யோசித்தேன். திடீரென்று தர்மபுரிக்காரர் ஞாபகம் வந்தார். எதில் போகிறோம் என்பது முக்கியமே இல்லை, எப்போது போகிறோம் என்பதுதான். எனக்குத் தெரிந்த பெங்களூரிலேயே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? சலீம் பாயை விடிவதற்கு முன்னால் வரச்சொன்னேன். பிலோமினா இட்லி கட்டிக் கொடுத்தாள். ரோட்டில் நாய்கள் மட்டும். மடிவாளா வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. கம்பெனி வாசலில் இறங்கியபோது இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. "வண்டி பழசாயிடுச்சி அண்ணே, மாஃப் கரோ" என்று மன்னிப்புக் கேட்டார் சலீம் பாய்.

கேட்டுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்தோம். ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக கேப் வண்டிகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் நாலைந்து சின்ன வயசுப் பிள்ளைகள், கழுத்து தொங்க, வாய் திறந்து உறங்கிக்கொண்டு. பாவம், யார் பெற்ற பிள்ளைகளோ என்று நினைத்தேன். அந்த உறக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த உறக்கம். வெயில் ஏறியது. இட்லி தீர்ந்தது. ஒன்பதரைக்கு ஸ்டெல்லாவை உள்ளே அனுப்பினேன். பத்தரைக்கும் அவள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் வரவில்லை. வேலை இல்லை என்று ஆகிவிட்டதோ என்று பதறிப்போய் செக்யூரிட்டியிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பயப்படாதீங்க சார். கேள்வி கேக்குறவங்களே இன்னும் மடிவாளாவுலதான் நிக்கிறாங்க."

எட்டு மணி கேப்

வேலை கிடைத்துவிட்டது. ஒன்பதரைக்கு வந்திருந்த ஒரே ஆள் என்பது ஒரு காரணம். இன்னொன்று அவள் குரல். இவ்வளவு மெதுவாக, பொறுமையாகப் பேசுகிற பெண்ணை அவர்கள் பார்த்ததே இல்லையாம். நான் பகலில் தூங்குவதற்காக அவள் பழகிக்கொண்ட குரல் அது. மைசூர்பாகு வாங்கி லாட்ஜ் முழுக்கக் கொடுத்தேன். எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று அப்புறம்தான் கேட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு கேப் வரும் என்றாள். அமெரிக்காவில் ஊர் சுற்றிப் பார்க்கிறவர்கள் போன் செய்து வழி கேட்பார்களாம், இவள் இங்கிருந்து கம்ப்யூட்டரில் மேப்பைப் பார்த்துச் சொல்லவேண்டுமாம். அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரிதானே. நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம், போகாதே என்றேன். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் சத்தமாகப் பேசாத பெண் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "பகல்ல வேலை தர்றேன்னு யாருமே கூப்பிடலையேப்பா!" அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. பிலோமினா ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

எட்டு மணிக்கு கேப் வந்தது. அவள் ஏறினாள். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். முதல் நாள் அல்லவா, காலையில் வேலை முடிந்ததும் ஓடிவந்தேன். நான் வாசலை அடையவும் வெள்ளை கேப் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கழுத்து தொங்கிக்கொண்டிருந்த நாலைந்து பிள்ளைகளில் ஒன்று எழுந்து இறங்கியது, என் பெண். எப்படிம்மா இருந்தது என்றேன். சிரித்தாள், கண் இரண்டும் சிவந்திருந்தன. "ராத்திரி மூணு மணிக்கு ஒருத்தர் குடும்பத்தோட நியூயார்க் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு ஹோட்டலுக்கு எவ்வளவு நேரமாகும்னு கேட்டாருப்பா. இருபது நிமிஷம்னு சொல்லிட்டேன்." எனக்குப் பகீரென்றது. அங்கே அப்போது ஆபீஸ் விடுகிற நேரமாயிற்றே, எதை வைத்துச் சொன்னாய் என்றேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, பிலோமினா எழுந்துவிடாதபடி கிசுகிசுத்தாள்: "ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன்பா. ரோடு காலியாத்தானே இருந்துச்சு?"

ஒரு பெரிய ஊரைச் சுற்றிப் பார்க்க எது நல்ல வழி என்று கேட்டால் எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர் பதில் சொல்வோம். நாங்கள் வழி சொல்லும் ஊரில் பகல் எப்படி இருக்கும் என்பதை மட்டும் எங்கள் இரண்டு பேரிடமும் கேட்காதீர்கள்.